எட்டுத் தடவையா, எண்பத்தேழு தடவையா?

ஒரு வீடியோ கேம் கஷ்டமாக இருக்கிறது என்று சொல்பவர்களின் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டால், அதில் இரண்டு வகைக் குறைகள் இருப்பது தெரியும். "பயங்கரக் கஷ்டமுங்க, ஆனா தப்பு என்னுதுதான்" என்பது ஒரு வகை. "நான் கரெக்டாத்தான் அமுக்குனேன், அது குதிக்கவே இல்லீங்க, சும்மா ஏமாத்துது" என்பது இன்னொரு வகை. சொல்கிற இரண்டு பேரும் தோற்றவர்கள்தான். ஒரே பள்ளத்தில்கூட விழுந்திருக்கலாம். ஆனால் முதல் ஆள் அடுத்த நொடியே மறுபடி ஆட ஆரம்பித்துவிடுவார். இரண்டாவது ஆள் அந்த கேமையே அழித்துவிட்டு வேறொன்றைத் தேடிப் போவார்.

கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் நடுவில் இருக்கும் எங்கள் கிணத்துக்கடவில் இந்தப் பேச்சுக்குப் பஞ்சமில்லை. கோவைப் பக்கத்துக் கல்லூரிகளுக்கு தினமும் பஸ்ஸிலும் ரயிலிலும் போய்வரும் பிள்ளைகள் இங்கே ஏராளம். சாயங்காலம் மேம்பாலத்தை ஒட்டிய டீக்கடைகளில் அவர்கள் கூடும்போது சினிமாவுக்கும் கிரிக்கெட்டுக்கும் அடுத்தபடியாக அடிபடுவது கேம் சமாச்சாரம்தான். அதிலும் 'செலெஸ்ட்' என்ற பெயரை எடுத்தால் உடனே இரண்டு கட்சி உருவாகிவிடும்.

செலெஸ்ட் 2018 ஜனவரியில் வெளியானது. மேடி தோர்சன், நோயல் பெர்ரி ஆகியோர் தலைமையில் ஒரு சிறு குழு உருவாக்கியது. மேரியோவைப் போல, ஓடி, குதித்து, ஒரு மேடையிலிருந்து இன்னொரு மேடைக்குத் தாவும் பிளாட்ஃபார்ம் கேம். மேடலின் என்ற பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவுதான் கதைச்சுருக்கம். ஆனால் வழியெங்கும் முட்கள். தொட்டால் போச்சு, அந்தத் திரையின் தொடக்கத்துக்கே திரும்ப வேண்டும். ஒரு அத்தியாயம் முடிந்ததும் நீங்கள் அதில் எத்தனை தடவை செத்தீர்கள் என்று கணக்கும் காட்டும். நூற்றுக்கணக்கில் இருப்பது சாதாரணம். அந்த ஆண்டின் 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் சிறந்த சுயாதீன கேம் என்ற விருதையும் இதுதான் வாங்கியது.

"இவ்வளவு நியாயமான கேம் வேற இல்லீங்க" என்று ஒருவன் சொல்கிறான். "மனுஷன் ஆடுற கேமா இது?" என்று அவன் நண்பன் கேட்கிறான். இருவருக்கும் ஒரே வயது, ஒரே கல்லூரி. இதை ரசனை வேறுபாடு என்று ஒதுக்கிவிடலாம். ஆனால் தோண்டிப் பார்த்தால் அடியில் நரம்பு மண்டலமும் மின்னணுவும் ஒரு பெருக்கல் கணக்கும் கிடக்கின்றன. ஆடுபவரின் குறைகூறலை ஒரு அளவுகோலாகவே படிக்கலாம் என்பதை இவை காட்டுகின்றன.

குதிக்கும் முன்பே முடிவு

நன்றாக ஆடுபவருக்கு 'கை வேகம்' அதிகம் என்றுதான் பொதுவாகச் சொல்கிறோம். கண்ணில் ஒரு வெளிச்சம் பட்டு, அதற்கு விரலை அமுக்க நல்ல ஆரோக்கியமான இளைஞருக்கே 200 முதல் 250 மில்லிநொடி, அதாவது கால் நொடி வரை ஆகும். விழித்திரை ஒளியை நரம்புத் துடிப்பாக மாற்ற வேண்டும், மூளை அதைப் படிக்க வேண்டும், தசைக்கு ஆணை போக வேண்டும். பயிற்சியால் இதை ஓரளவுக்குமேல் குறைக்க முடியாது.

செலெஸ்டில் மேடலின் நொடிக்கு 90 பிக்சல் ஓடுகிறாள். தரையின் ஒரு கட்டம் 8 பிக்சல். கால் நொடியில் அவள் கிட்டத்தட்ட மூன்று கட்டம் கடந்துவிடுவாள். விளிம்பைப் பார்த்த பிறகு குதிக்க நினைத்தால், நினைப்பு முடிவதற்குள் அவள் பள்ளத்தில் இருப்பாள். அப்படியானால் விளிம்பில் சரியாகக் குதிப்பவர்கள் எப்படிக் குதிக்கிறார்கள்?

எங்கள் ஊர்த் தோட்டத்துக் கிணறுகளில் ஓடிவந்து குதிக்கும் பையன்களைப் பாருங்கள். திட்டின் ஓரம் காலில் பட்ட பிறகு எவனும் உந்துவதில்லை. நாலு எட்டுக்கு முன்பே கடைசிக் காலடி எங்கே விழும் என்று உடம்பு கணக்குப் போட்டுவிடுகிறது. திரையிலும் நடப்பது இதே வேலைதான். பின்மூளையில் உள்ள சிறுமூளை, நாம் கொடுக்கும் ஒவ்வொரு ஆணைக்கும் விளைவு என்னவாக இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு மாதிரியை ஓட்டிப் பார்க்கிறது. பிறகு கண்ணும் விரலும் அனுப்பும் உண்மைச் செய்தியோடு அதை ஒப்பிடுகிறது. வித்தியாசம் இருந்தால் அடுத்த தடவைக்குத் திருத்திக்கொள்கிறது.

ஆகவே இந்த வகை கேம் வேகத்தைக் காட்டிலும் முன்கணிப்பைத்தான் சோதிக்கிறது. முன்கணிப்பு தேற வேண்டுமானால் ஒவ்வொரு தோல்வியிலும் மூளைக்குத் தெளிவான திருத்தம் கிடைக்க வேண்டும். 'அரைக் கட்டம் முந்திக் குதித்தாய்', 'சுவரை விட்டுக் கொஞ்சம் தாமதமாகக் கையெடுத்தாய்' என்று ஏதோ ஒன்று. "தப்பு என்னுதுதான்" என்று சொல்பவருக்கு அந்தத் திருத்தம் கிடைத்திருக்கிறது. "ஏமாத்துது" என்பவருக்குக் கிடைக்கவில்லை.

சிறு வித்தியாசம், பெரிய இடைவெளி

இனி பெருக்கல் கணக்குக்கு வருவோம். நண்பர்கள் இருவர் ஏன் இவ்வளவு எதிரெதிராகப் பேசுகிறார்கள் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியாது.

ஒரு திரையில் வரிசையாக 20 தாண்டல்கள் என்று வைத்துக்கொள்வோம். எதில் விழுந்தாலும் முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். ஒருவர் ஒவ்வொரு தாண்டலையும் நூற்றுக்குத் தொண்ணூறு முறை சரியாகச் செய்கிறார். 20 தாண்டலையும் தொடர்ந்து முடிக்கும் வாய்ப்பு, 0.9-ஐ இருபது முறை தன்னாலேயே பெருக்கினால் வருவது: 12 சதவீதம். சராசரியாக எட்டு முயற்சியில் முடித்துவிடுவார். அவர் நண்பர் நூற்றுக்கு எண்பது முறை சரியாகச் செய்கிறார். 0.8-ஐ இருபது முறை பெருக்கினால் 1.15 சதவீதம். சராசரியாக எண்பத்தேழு முயற்சி தேவை.

தனித்தனித் தாண்டலில் இருவருக்கும் உள்ள வித்தியாசம் பத்துக்கு ஒன்று. பக்கத்தில் உட்கார்ந்து ஐந்து நிமிடம் பார்த்தால் யார் திறமைசாலி என்றே பிடிபடாது. ஆனால் எட்டு முறையில் முடித்தவருக்கு அது 'சுவாரசியமான சவால்'. எண்பத்தேழு முறை செத்தவருக்கு அது 'மனுஷன் ஆடாத கேம்'. இருவர் சொல்வதும் உண்மை. கைகளுக்கு நடுவே இருந்த சிறிய வித்தியாசத்தைத் திரையின் நீளம் பெருக்கிக் காட்டிவிட்டது.

இதே கணக்கு இன்னொன்றையும் சொல்கிறது. அந்த 20 தாண்டல்களைப் பத்து, பத்தாகப் பிரித்து நடுவில் ஒரு செக்பாயிண்ட் வைத்துப் பாருங்கள். எண்பது சதவீதக்காரருக்குப் பத்துத் தாண்டலை முடிக்கச் சராசரியாக ஒன்பது சொச்சம் முயற்சி. இரண்டு பாதிக்கும் சேர்த்து சுமார் பத்தொன்பது. எண்பத்தேழு பத்தொன்பதாகிவிட்டது. ஒரு முள்ளைக்கூட அகற்றவில்லை, ஒரு பள்ளத்தைக்கூடக் குறுக்கவில்லை. கேமின் கடினம் முட்களில் இருப்பதாக நினைக்கிறோம். அதில் பெரும்பங்கு, விழுந்தவரை எவ்வளவு தூரம் பின்னால் அனுப்புகிறோம் என்பதில்தான் இருக்கிறது. செலெஸ்டின் திரைகள் பெரும்பாலும் சிறியவை, செத்தால் ஒரு நொடிக்குள் மறுபடி நிற்க வைத்துவிடுகிறது. மரண எண்ணிக்கை மூன்று இலக்கத்தைத் தொட்டும் பலர் அதை நியாயமான கேம் என்று சொல்வதற்கு இது ஒரு முக்கியக் காரணம்.

'திடீரென்று வந்துவிட்டது' என்று ஆடுபவர்கள் சொல்லும் அனுபவமும் இதே கணக்கில் அடங்கும். ஒருவர் 85 சதவீதத்திலிருந்து 95 சதவீதத்துக்கு மெல்ல மெல்லத் தேறுகிறார் என்று கொள்வோம். 20 தாண்டலுக்கு முன்பு 26 முயற்சி தேவைப்பட்டது, இப்போது மூன்றே போதும். உள்ளே முன்னேற்றம் சீராகத்தான் நடந்தது. வெளியே அது ஒரே நாளில் கதவு திறந்த மாதிரித் தெரிகிறது.

அந்த முன்னேற்றத்தில் தூக்கத்துக்கும் பங்குண்டு. 2002-இல் மேத்யூ வாக்கர், ராபர்ட் ஸ்டிக்கோல்ட் முதலியோர் 'நியூரான்' இதழில் வெளியிட்ட ஆய்வில், விரல்களைக் குறிப்பிட்ட வரிசையில் தட்டும் பயிற்சியைச் செய்தவர்கள் ஒரு இரவு தூங்கி எழுந்ததும், இடையில் எந்தப் பயிற்சியும் இல்லாமலே, சுமார் 20 சதவீதம் வேகமாகத் தட்டினார்கள். பகலில் அதே அளவு நேரம் விழித்திருந்தவர்களுக்கு அப்படிப்பட்ட முன்னேற்றம் இல்லை. ராத்திரி இரண்டு மணிவரை ஒரே திரையில் மோதிக்கொண்டிருக்கும் பிள்ளைகளிடம் "படுத்து எந்திரிச்சு ஆடு கண்ணு" என்று வீட்டில் சொல்வது நல்ல அறிவியல் ஆலோசனை.

கற்றுக்கொள்ள எவ்வளவு தோல்வி நல்லது என்பதற்கும் ஒரு கணிப்பு உண்டு. 2019-இல் ராபர்ட் வில்சன் குழுவினர் 'நேச்சர் கம்யூனிகேஷன்ஸ்' இதழில் எழுதிய கட்டுரையின்படி, இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வகைக் கற்றலில் சுமார் 15 சதவீதம் பிழை இருக்கும்போது கற்றல் மிக வேகமாக நடக்கிறது. எல்லா வகைக் கற்றலுக்கும் அப்படியே பொருந்தும் விதியாக இதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆனாலும் நம் கணக்கோடு வைத்துப் பார்த்தால் ஒன்று விளங்கும். 20 தாண்டல் திரையில் இருபத்தைந்து முறை செத்தவர், தாண்டல் ஒவ்வொன்றையும் தனியாக எடுத்துப் பார்த்தால் நூற்றுக்கு எண்பத்தைந்து முறை ஜெயித்துக்கொண்டுதான் இருந்தார். தோல்விகளின் எண்ணிக்கையைப் பார்த்துப் பதறும் பெற்றோர் கண்ணில் படாத வெற்றிகள் அவை.

திரை திருடும் மில்லிநொடிகள்

என் அக்கா மகன் ஒரு நாள் கொதித்துப்போய் வந்தான். "மாமா, நேத்து ராத்திரி வரைக்கும் சுளுவாத் தாண்டுன எடமுங்க. இன்னிக்கு ஒரு தடவைகூடக் கால் வைக்க முடியல. அப்டேட்டுல என்னமோ மாத்தி உட்டுட்டானுக" என்றான். கேம் மாறவில்லை. மாறியது திரை. அதுவரை பழைய கம்ப்யூட்டர் மானிட்டரில் ஆடியவன், அன்றைக்கு ஹாலில் இருந்த பெரிய புது டிவியில் வயரை மாட்டியிருந்தான்.

போன் கேமராவில் நொடிக்கு 240 படம் எடுக்கும் ஸ்லோ மோஷன் வசதி இருந்தது. அவன் கட்டைவிரலும் டிவித் திரையும் ஒரே சட்டத்தில் தெரியும்படி போனை நிறுத்திப் படம் பிடித்தோம். பிறகு ஒவ்வொரு படமாக நகர்த்திப் பார்த்தோம். விரல் பட்டனை அமுக்கிவிட்டது. மேடலின் நின்றுகொண்டே இருக்கிறாள். படம் நகர்கிறது, இன்னும் நிற்கிறாள். நெடுநேரம் கழித்துத்தான் கால் தரையைவிட்டு எழுகிறது. டிவியின் செட்டிங்கில் 'கேம் மோட்' என்பதைப் போட்டுவிட்டு மறுபடி எடுத்தபோது அந்த இடைவெளி கண்கூடாகச் சுருங்கியது. பையன் முகம் மலர்ந்துவிட்டது. அன்று சாயங்காலமே அதே இடத்தைத் தாண்டிவிட்டான்.

இந்தச் சோதனையை யாரும் வீட்டில் செய்யலாம். 240 படக் கேமராவில் ஒரு படம் என்பது சுமார் நான்கு மில்லிநொடி. அமுக்கியதற்கும் குதித்ததற்கும் நடுவே 24 படம் ஓடினால் தாமதம் 100 மில்லிநொடி. புதிய டிவிகள் படத்தைப் பளிச்சென்று காட்ட ஒவ்வொரு சட்டத்தையும் (ஃப்ரேம்) வாங்கி மெருகேற்றிய பிறகே திரைக்கு அனுப்புகின்றன. சினிமா பார்க்க அது நல்லது. கேம் ஆடும்போது மூளையின் முன்கணிப்பைக் கெடுத்துவிடும். 'கேம் மோட்' அந்த மெருகேற்றும் வேலையைக் குறைக்கிறது.

100 மில்லிநொடி எவ்வளவு பெரிது? 1985-இல் வந்த 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ்' கேமை எடுத்துக்கொள்வோம். மேரியோ முழு வேகத்தில் ஓடும்போது ஒரு சட்டத்துக்குச் சுமார் 2.5 பிக்சல் நகர்கிறார். நொடிக்கு 60 சட்டம் என்றால் 100 மில்லிநொடியில் ஆறு சட்டம், 15 பிக்சல். அந்த கேமில் ஒரு செங்கல்லின் அகலமே 16 பிக்சல்தான். அதாவது திரையின் தாமதம் ஆடுபவரிடமிருந்து கிட்டத்தட்ட ஒரு முழுக் கல்லைத் திருடிவிடுகிறது. அவர் விரல் சரியான இடத்தில்தான் அமுக்கியது. மேரியோ அதற்குள் அடுத்த கல்லுக்குப் போய்விட்டார்.

தாமதம் மாறாமல் இருந்தால் மூளை அதற்குப் பழகிவிடும். அப்படிப் பழகிய பிறகு தாமதத்தை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று 2006-இல் செஸ் ஸ்டெட்சன், டேவிட் ஈகிள்மன் முதலியோர் சோதித்தார்கள். பட்டனை அமுக்கினால் சற்றுத் தாமதித்து ஒரு ஒளி மின்னும்படி அமைத்து ஆட்களைப் பழக்கினார்கள். பிறகு திடீரெனத் தாமதத்தைக் குறைத்தபோது, தாங்கள் அமுக்குவதற்கு முன்பே ஒளி மின்னிவிட்டதாகப் பலர் உணர்ந்தார்கள். காரணத்துக்கு முன்பே காரியம் நடந்ததாக மூளை சொல்லிவிட்டது! மானிட்டரிலிருந்து டிவிக்கும், டிவியிலிருந்து போனுக்கும் மாறுபவர்கள் முதல் சில நிமிடம் தடுமாறுவதன் பின்னணி இதுதான். ஒரு கேமைப் பற்றிய கருத்தில், ஆடிய கருவியைப் பற்றிய கருத்தும் கலந்தே இருக்கிறது.

நம் நாட்டு ஆட்டக்காரர்களுக்கு இதில் ஒரு தனி அத்தியாயமே உண்டு. தொண்ணூறுகளில் தமிழ்நாட்டு வீடுகளுக்கு மேரியோவும் கான்ட்ராவும் பெரும்பாலும் 'லிட்டில் மாஸ்டர்', 'மீடியா' போன்ற நகல் பெட்டிகள் வழியாகத்தான் வந்தன. மேரியோ எழுதப்பட்டது ஜப்பானின் 60 ஹெர்ட்ஸ் டிவிக்கு. நம் ஊரில் இருந்தது 50 ஹெர்ட்ஸ் பால் (PAL) முறை டிவி. பால் முறைக்கென்று செய்யப்பட்ட நகல் பெட்டியில் அந்த ஜப்பானிய கேமைப் போட்டால் நொடிக்கு 60 சட்டத்துக்குப் பதில் 50 சட்டம்தான் ஓடும். மேரியோ ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடுவார், மெதுவாக விழுவார், எதிரிகளும் மெதுவாக வருவார்கள், பாட்டும் இழுத்து ஒலிக்கும். அந்தப் பெட்டிகளில் ஆடி வளர்ந்தவர்கள் 83 சதவீத வேகத்தில் ஆடினார்கள். ஒவ்வொரு தாண்டலுக்கும் யோசிக்க அவர்களுக்குக் கூடுதல் நேரம் கிடைத்தது. இன்றைக்கு அதே கேமை 60 சட்ட வேகத்தில் போனில் போட்டுப் பார்க்கும் நாற்பது வயதுக்காரர், "அப்ப சுளுவா இருந்துச்சே, இப்ப ஏன் இந்த ஓட்டம் ஓடுது?" என்று கேட்டால், அவர் நினைவு பிசகவில்லை. வயதும் ஒரு காரணமாக இருக்கலாம். டிவியின் அதிர்வெண்ணும் ஒரு காரணம்.

கண்ணுக்குத் தெரியாத கருணை

செலெஸ்டைக் கொடூரமானது என்று சொல்பவர்களுக்கு அதன் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வியப்பாக இருக்கும். தோர்சன் அதன் பொறுத்துக்கொள்ளும் விதிகளை வெளிப்படையாகவே விளக்கியிருக்கிறார். மேடலினை இயக்கும் நிரல் வரிகளையும் குழு வெளியிட்டிருக்கிறது.

முதல் விதியைக் கேம் செய்பவர்கள் 'கயோட்டி டைம்' என்பார்கள். மேடலினின் கால் விளிம்பைத் தாண்டிக் காற்றுக்கு வந்த பிறகும் 0.1 நொடி வரை குதிக்கும் பட்டன் வேலை செய்யும். நொடிக்கு 90 பிக்சல் ஓடுபவள் அந்த நேரத்தில் 9 பிக்சல் போயிருப்பாள். ஒரு முழுக் கட்டத்துக்குமேல் அந்தரத்தில் ஓடிய பிறகும் தரையில் நிற்பதாகவே கணக்கு. இரண்டாவது விதி இதற்கு நேர் எதிர். தரையைத் தொடும் முன்பே அவசரப்பட்டு அமுக்கிவிட்டால் அந்த அமுக்கலை ஒரு கணம் நினைவில் வைத்திருந்து, கால் தரையைத் தொட்டதும் குதிக்க வைக்கும். குதிக்கும்போது பட்டனை விடாமல் பிடித்திருந்தால் உச்சியில் ஈர்ப்பு விசை பாதியாகும், எங்கே இறங்கலாம் என்று பார்க்க அவகாசம் கிடைக்கும். மேலே போகும்போது தலை ஒரு கட்டையின் மூலையில் சில பிக்சல் மட்டும் இடித்தால், கேமே அவளைப் பக்கவாட்டில் நகர்த்திவிடும்.

ஆடுபவர்களில் மிகப் பெரும்பாலோர் இவற்றைக் கவனிப்பதே இல்லை. கவனிக்காததற்கும் மூளையில் காரணம் உண்டு. 2002-இல் பேட்ரிக் ஹாகார்ட் குழுவினர் 'நேச்சர் நியூரோசயின்ஸ்' இதழில் ஒரு சோதனையை விவரித்தார்கள். ஒருவர் தானாக விரும்பிப் பட்டனை அமுக்கினால் கால் நொடி கழித்து ஒரு ஒலி கேட்கும். அமுக்கியது உண்மையில் நடந்ததைவிடச் சற்றுப் பிந்தியும், ஒலி சற்று முந்தியும் நடந்ததாகச் சோதனையில் பங்கேற்றவர்கள் உணர்ந்தார்கள். செயலையும் விளைவையும் மூளை அருகருகே இழுத்துக்கொண்டது. வெளியிலிருந்து காந்தத் துடிப்பால் தூண்டி விரலை அசையவைத்தபோது இந்த இழுப்பு இல்லை, இரண்டும் விலகிப் போயின. நான் விரும்பிச் செய்தேன் என்ற உணர்வு காலத்தையே சற்று வளைக்கிறது. கேம் ஆடுபவர் நினைத்தது நடந்துவிட்டால், அந்த 0.1 நொடி இரவல் என்பது அவருக்குத் தெரியாது. 'நான் சரியாகக் குதித்தேன்' என்றுதான் தோன்றும்.

நல்ல கேம் செய்பவரின் உழைப்பு இங்கேதான் தெரிகிறது. ஆடுபவரின் விரல் அசைவைவிட அவர் நோக்கத்தை மதிப்பது ஒரு தொழில்நுட்ப முடிவு, அதோடு மனிதர்மேல் வைத்த அக்கறை. முட்களை எத்தனை வேண்டுமானாலும் வைக்கலாம். மனதில் நினைத்ததற்கும் திரையில் நடந்ததற்கும் நடுவே முள் வைக்கக் கூடாது.

கஷ்டம் வேறு, வஞ்சம் வேறு

இந்த எல்லையை மீறியதாகக் கருதப்பட்ட ஒரு கேம் வரலாற்றிலேயே இருக்கிறது. மேரியோவின் வெற்றிக்குப் பிறகு 1986-இல் நிண்டெண்டோ ஜப்பானில் 'சூப்பர் மேரியோ பிரதர்ஸ் 2' வெளியிட்டது. முதல் பாகத்தில் காளானைத் தின்றால் பலம் வரும். இதில் விஷக் காளானும் கலந்து வரும். குதிக்கும்போது காற்று தள்ளும். கண்ணுக்குத் தெரியாத கட்டை தலையில் இடித்துப் பள்ளத்தில் தள்ளும். குறுக்குவழி என்று நம்பி நுழைந்தால் முதல் உலகத்துக்கே கொண்டுபோய் விடும் பாதைகளும் உண்டு.

அமெரிக்காவில் நிண்டெண்டோவுக்காகக் கேம்களை ஆடிப் பார்த்துக் கருத்துச் சொல்லும் பொறுப்பில் ஹோவர்ட் ஃபிலிப்ஸ் இருந்தார். ஆடிப் பார்த்த அவருக்கு அதில் மகிழ்ச்சி கிடைக்கவில்லை. அந்த கேம் அங்கே வெளியாகவில்லை. 'டோக்கி டோக்கி பேனிக்' என்ற வேறொரு ஜப்பானிய கேமை மேரியோவாக மாற்றி 1988-இல் இரண்டாம் பாகமாக விற்றார்கள். முதலில் ஒதுக்கப்பட்டது 1993-இல்தான் 'தி லாஸ்ட் லெவல்ஸ்' என்ற பெயரில் அமெரிக்கர்களின் கைக்குப் போனது. ஒரு ஆட்டக்காரரின் கருத்து ஒரு பெரிய நிறுவனத்தின் முடிவையே மாற்றியிருக்கிறது.

தெரியும் முள்ளில் குத்துப்பட்டால் மூளைக்குப் பாடம் கிடைக்கும். தெரியாத கட்டையில் இடித்தால் கிடைப்பது மனப்பாடத்துக்கு ஒரு வரி மட்டுமே. முன்கணிப்புக்கு அங்கே வேலையில்லை. அப்படிப்பட்ட கேமை விரும்பி ஆடும் ரசிகர்களும் உண்டு. பொறிகளைக் கண்டுபிடித்து நினைவில் வைப்பதே அவர்களுக்கு ஆட்டம். ஆனால் அந்த ஒப்பந்தம் ஆரம்பத்திலேயே தெரிந்திருக்க வேண்டும். தெரியாதவர்தான் "ஏமாத்துது" என்கிறார், அந்தச் சொல் அங்கே சரியான சொல்.

மூளை இப்படிப் பாடம் கற்பதில் டோபமைன் என்ற வேதிப்பொருளுக்கும் பங்குண்டு. எதிர்பார்த்ததைவிட நல்லது நடக்கும்போது அதைச் சுரக்கும் செல்கள் அதிகம் துடிக்கின்றன, குறைவாக நடந்தால் அடங்குகின்றன என்று வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் முதலியோர் 1997-இல் விளக்கினார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் எட்டுப் பேரை ஒரு பீரங்கி வண்டி கேமை ஆடவைத்து மூளையைப் படம் எடுத்த ஆய்வு, ஆடும்போது டோபமைன் சுரப்பதையும், நன்றாக ஆடியவர்களுக்கு அது அதிகம் இருந்ததையும் காட்டியது. மூளையின் இந்த ஏற்பாடுதான் கற்கவும் வைக்கிறது, சூதாட்டத்தில் சிக்கவும் வைக்கிறது. 2009-இல் லூக் கிளார்க் குழுவினர், சூதாட்ட எந்திரத்தில் மயிரிழையில் தவறும் தோல்விகள்கூட மூளையில் வெற்றிக்குரிய பகுதிகளைத் தூண்டுவதைக் கண்டார்கள். பிளாட்ஃபார்ம் கேமில் மயிரிழையில் தவறினால் அது உண்மையான செய்தி. அடுத்த முறை அந்த மயிரிழையைத் திருத்தலாம். சூதாட்டத்தில் அது வெறும் தோற்றம். அடுத்த சுற்றுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. பிள்ளை எந்த கேம் ஆடுகிறது என்று கவலைப்படும் பெற்றோர் கேட்க வேண்டிய முதல் கேள்வி இதுதான்: தோற்றால் இதில் கற்றுக்கொள்ள ஏதாவது இருக்கிறதா?

உதவி கேட்டால் ஆட்டம் கெடுமா?

செலெஸ்டில் 'அசிஸ்ட் மோட்' என்று ஒரு வசதி உண்டு. கேமின் வேகத்தைப் பத்துப் பத்துச் சதவீதமாக 50 சதவீதம் வரை குறைக்கலாம். களைப்பே இல்லாமல் சுவரில் தொங்கலாம். முள் பட்டாலும் சாகாதபடி செய்துகொள்ளலாம். ஆட்டக்காரர்களிடையே மிகக் காரசாரமான சண்டை இதைப் பற்றித்தான். "அதப் போட்டு முடிச்சா அது முடிச்ச கணக்கா?" என்பார்கள் நம் பையன்கள்.

பெருக்கல் கணக்கை வைத்துப் பார்ப்போம். வேகத்தைக் கொஞ்சம் குறைத்ததால் ஒருவரின் தாண்டல் எண்பது சதவீதத்திலிருந்து தொண்ணூறுக்கு உயர்கிறது என்றால், அவருக்குத் தேவையான முயற்சி எண்பத்தேழிலிருந்து எட்டாகிறது. உதவியே இல்லாமல் தொண்ணூறு சதவீதத்தில் ஆடும் நண்பருக்கும் எட்டுதான். இருவரும் இப்போது அனுபவிப்பது ஒரே அளவு கஷ்டம். கைநடுக்கம் உள்ளவருக்கும், ஒரு கையால் மட்டும் ஆடுபவருக்கும், வயதால் விரல் மந்தமானவருக்கும், தாமதமான டிவி மட்டுமே வாய்த்தவருக்கும், செய்தவர்கள் மனதில் வைத்திருந்த அந்தக் கஷ்டத்தை அப்படியே கொண்டுபோய்ச் சேர்க்கும் வழி இது. முதலில் வந்த செலெஸ்டில் இந்த வசதியை அறிமுகப்படுத்திய வாசகம், முதல் முறை இது இல்லாமல் ஆடும்படி பரிந்துரைத்தது. மாற்றுத்திறனாளி ஆட்டக்காரர்களின் கருத்தைக் கேட்ட பிறகு குழு அதைத் திருத்தி எழுதியது. தொண்ணூறுகளில் நம் ஊரில் 50 ஹெர்ட்ஸ் டிவியில் மேரியோவை முடித்தவர்களின் வெற்றியை யாரும் குறைத்துப் பேசுவதில்லை. பேசவும் கூடாது. அவர்களும் 83 சதவீத வேகத்தில்தான் ஆடினார்கள்.

கோவை வட்டாரக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் இப்போது யூனிட்டி, கோடோ போன்ற மென்பொருள்களில் சொந்தமாக கேம் செய்து பார்க்கிறார்கள். அவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் கேமை நண்பர்களிடம் கொடுத்துவிட்டு "எப்படி இருக்கு?" என்று மட்டும் கேட்காதீர்கள். எந்த இடத்தில் விழுந்தாய், விழுவதற்கு முன் என்ன செய்ய நினைத்தாய், எந்தக் கருவியில் ஆடினாய் என்று மூன்றையும் கேளுங்கள். "தப்பு என்னுதுதான்" என்று பதில் வந்தால் அந்த முள்ளைத் தொடாதீர்கள், அது தன் வேலையைச் சரியாகச் செய்கிறது. "நான் அமுக்குனேன், குதிக்கல" என்று வந்தால் ஆடியவரோடு வாதாடாமல் நிரலைத் திறந்து பாருங்கள். 0.1 நொடி இரவல் கொடுக்க வேண்டிய இடம் எதுவென்று அவர் உங்களுக்குச் சொல்லிவிட்டார்.